அழைத்த செயற்கூற்றின் பெயர்: நிரல் பதிவுகளில் ஒரு தேடலின் வரலாறு

கணினி நிரல் ஒன்று இயங்கும்போது தான் செய்தவற்றையும் தனக்கு நேர்ந்தவற்றையும் வரி வரியாக ஒரு கோப்பில் எழுதி வைக்கும் வழக்கத்தை மென்பொருள் துறையினர் லாகிங் என்றும், அந்தக் கோப்பை லாக் என்றும் வழங்குகின்றனர். லாகின் ஒவ்வொரு வரியிலும் நேரம், நிகழ்வின் கடுமை, செய்தி ஆகியவற்றோடு, அந்தச் செய்தியை எழுதச் சொன்ன செயற்கூறு எது என்ற விவரமும் பல நிறுவனங்களில் இடம்பெறுகிறது. செயற்கூறு என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்காகத் தனியே பெயரிட்டு எழுதப்பட்ட நிரல் பகுதி. பொருள்நோக்கு மொழிகளில் இதற்கு மெத்தட் என்று பெயர். ஆயிரக்கணக்கான செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் பெரிய நிரலில், ‘கணக்கில் போதிய தொகை இல்லை’ என்ற செய்தி மட்டும் லாகில் கிடந்தால், அதை எழுதியது பணம் எடுக்கும் பகுதியா, தவணை பிடிக்கும் பகுதியா என்று கண்டுபிடிக்க நிரலாளர் மூலநிரல் முழுவதையும் துழாவ வேண்டியிருக்கும். லாக் எழுதும் செயற்கூறு தன்னை அழைத்தது யார் என்பதைத் தானாகவே அறிந்து எழுதிவிட்டால் இந்த அலைச்சல் மிச்சமாகும். கேட்பதற்கு மிக எளிதாகத் தோன்றும் இந்த வசதிக்காக நிரல்மொழி வல்லுநர்கள் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல வழிகளை முயன்றிருக்கின்றனர். கணினி தன் வேலைக்காகக் குறித்துவைப்பது வேலை முடிந்ததும் திரும்ப வேண்டிய இடத்தை மட்டுமே. அழைத்தவரின் பெயர் அதற்கு எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப நடந்த முயற்சிகளே இந்த வரலாறு.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் கணினி 1949 மே 6 அன்று தன் முதல் நிரலை இயக்கியது. வர்க்கமூலம் காணுதல், எண்களை அச்சிடுதல் போன்று பல நிரல்களுக்கும் பொதுவான வேலைகளை ஒருமுறை எழுதித் துளைநாடாவில் சேமித்து, வேண்டியபோது எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல் நூலகம் அங்குதான் ஒழுங்கான வடிவம் பெற்றது. ஒரே துணைநிரலைப் பல இடங்களிலிருந்து அழைக்க வேண்டுமானால், வேலை முடிந்ததும் எங்கே திரும்புவது என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். எட்சாக்கிலோ அதற்கெனத் தனிக் கட்டளை எதுவும் கிடையாது. டேவிட் வீலர் என்ற இளம் ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார். அழைக்கும் நிரல், தான் அப்போது நிறைவேற்றிக்கொண்டிருக்கும் கட்டளையையே ஓர் எண்ணாகக் கருதித் திரட்டி எனப்படும் கணக்குப் பதிவகத்தில் ஏற்றிக்கொண்டு, அடுத்த வரியில் துணைநிரலுக்குத் தாவும். அந்தக் கட்டளைக்குள் அதன் சொந்த முகவரி அடங்கியிருப்பதால், துணைநிரல் அதனுடன் நிலையான ஓர் எண்ணைக் கூட்டியவுடன், அது ‘இன்ன இடத்துக்குத் திரும்பு’ என்னும் புதிய கட்டளையாக மாறிவிடும். அதைத் துணைநிரல் தன் கடைசி வரியில் எழுதிக்கொண்டு, பிறகுதான் தன் வேலையைத் தொடங்கும். வீலர் தாவல் என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்த உத்தியை வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-இல் வெளியிட்ட நிரலாக்க நூல் உலகம் முழுவதும் பரப்பியது.

இந்த ஏற்பாட்டின்படி, அழைத்தவரின் முகவரி அழைக்கப்பட்ட துணைநிரலின் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது வெறும் எண். பெயர் என்பது நிரலாளர் கையால் எழுதிய தாளில் மட்டுமே இருந்தது. துளைநாடாவிலோ நினைவகத்திலோ அதற்கு இடமில்லை. நிரல் எந்த வழியாகப் போனது என்று அறிய விரும்பியவர்களுக்காக ஸ்டான்லி கில் சரிபார்க்கும் துணைநிரல்களை எழுதி, அவற்றை 1951-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் விளக்கினார். அவை சோதிக்கப்படும் நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்து நிறைவேற்றி, ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய எழுத்தைத் தொலையச்சுப் பொறியில் அச்சிட்டன. தாளில் வரிசையாக விழுந்த எழுத்துகளைத் தன் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, தாவல் கட்டளைக்குரிய எழுத்து வரும் இடங்களில் நின்று நிதானித்து, நிரல் எங்கிருந்து எங்கே போனது என்பதை நிரலாளரே ஊகித்துக்கொள்ள வேண்டும். இன்றைய லாகின் நேர் மூதாதையாக இதைக் கருதுவதில் தவறில்லை. அழைத்தவரின் பெயரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு முழுவதும் மனிதரிடம் இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

வீலர் தாவலில் ஒரு குறை உண்டு. திரும்ப வேண்டிய முகவரிக்குத் துணைநிரலுக்குள் ஒரே ஓர் இடமே இருப்பதால், துணைநிரல் தன்னைத் தானே அழைத்துக்கொண்டால் முந்தைய முகவரி அழிந்துவிடும். ஆலன் டூரிங் 1945-இன் இறுதியில் எழுதிய ஏஸ் கணினித் திட்ட அறிக்கையிலேயே, திரும்பு முகவரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைத்து, கடைசியாகப் புதைத்ததை முதலில் தோண்டியெடுக்கும் முறை விவரிக்கப்பட்டிருந்தது. ஜெர்மனியில் ஃபிரீட்ரிஷ் பௌவரும் கிளாவுஸ் ஸமெல்சனும் 1957-இல் இதே கொள்கைக்குக் காப்புரிமை கோரினர். தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறுகளை அனுமதித்த அல்கால் 60 மொழி வந்தபோது, அதை நடைமுறைப்படுத்தும் விதத்தை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இவ்வாறு நிலைபெற்ற அமைப்பே அழைப்பு அடுக்கு. ஆங்கிலச் சொல்லைக் கையாள்வோர் அதை ஸ்டாக் என்பர். ஒவ்வோர் அழைப்புக்கும் அடுக்கின் மேல் ஒரு சட்டகம் ஏறுகிறது. அதில் அழைக்கப்பட்ட செயற்கூற்றின் தற்காலிக மதிப்புகளும் திரும்பு முகவரியும் இருக்கும். வேலை முடிந்ததும் சட்டகம் இறங்கிவிடும். ஆகவே எந்த நொடியிலும் அடுக்கை மேலிருந்து கீழாகப் படித்தால், யாரை யார் அழைத்தார் என்ற சங்கிலி முழுவதும் எண்களின் வடிவில் கிடைக்கும்.

எண்களைப் பெயர்களாக மாற்றும் ஏற்பாட்டைப் பெரிய அளவில் வழக்கமாக்கியவர்களில் ஐபிஎம் நிறுவனத்தின் பொறியாளர்கள் முக்கியமானவர்கள். 1964 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 கணினிக் குடும்பத்தில் வன்பொருள் அடுக்கு கிடையாது. அதற்குப் பதிலாக எல்லா நிரல்களும் கடைப்பிடிக்க வேண்டிய ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. 14-ஆம் பதிவகத்தில் திரும்பு முகவரி, 15-ஆம் பதிவகத்தில் அழைக்கப்படும் துணைநிரல் தொடங்கும் முகவரி, 13-ஆம் பதிவகத்தில் 18 சொற்கள் கொண்ட ஒரு சேமிப்புப் பகுதியின் முகவரி என்பது அதன் சாரம். இங்கே சொல் என்பது நான்கு பைட் அளவுள்ள நினைவகத் துண்டு. சேமிப்புப் பகுதியின் இரண்டாம் சொல்லில் அழைத்தவரின் சேமிப்புப் பகுதி எங்கே இருக்கிறது என்பது எழுதப்பட்டிருக்கும். அங்கே போனால் அதற்கு முந்தையவரின் பகுதி தெரியும். இப்படியே பின்னோக்கி நடந்து இயக்க முறைமை வரை போய்விடலாம். நிரல் பழுதாகி நின்றால் நினைவகம் முழுவதும் பதினறும எண்களாகத் தாளில் அச்சாகும். டம்ப் எனப்பட்ட அந்தத் தாள்கட்டை விரித்துவைத்து, பென்சிலால் இந்தச் சங்கிலியைக் குறித்துக்கொண்டே போவது அக்கால நிரலாளரின் அன்றாடத் தொழில்.

பெயருக்கான தீர்வு இதைவிட எளிமையானது. துணைநிரலின் முதல் கட்டளை, தனக்கு அடுத்துள்ள சில பைட்களைத் தாண்டிக் குதிக்கும்; தாண்டப்பட்ட அந்தச் சிறு இடைவெளியில் பெயரின் நீளமும், அதைத் தொடர்ந்து துணைநிரலின் பெயரும் எழுத்துகளாகவே பொறிக்கப்பட்டிருக்கும். கணினி அந்த எழுத்துகளை ஒருபோதும் படிப்பதில்லை. டம்பின் வலப்பக்கத்தில் எண்களுக்கு நேராக எழுத்துவடிவம் அச்சாகும் பத்தியில், படிப்பவரின் கண்ணில் படுவதற்காகவே அவை அங்கே வைக்கப்பட்டன. சேமிப்புப் பகுதியிலிருந்து 15-ஆம் பதிவகத்தின் மதிப்பை எடுத்து, அந்த முகவரிக்குப் போனால் பெயர் அங்கேயே எழுதியிருக்கும். ஃபோர்ட்ரான் மொழியின் இயக்கநேர நூலகம் இந்த வேலையையும் தானே செய்தது: பிழை நேர்ந்தவுடன், துணைநிரலின் பெயர், அது அழைக்கப்பட்ட கூற்றின் எண், 14, 15, 0, 1 ஆகிய பதிவகங்களின் மதிப்புகள் என்ற தலைப்புகளின் கீழ், அழைப்புச் சங்கிலியை ஒரு பட்டியலாக அச்சிட்டது. ஃபோர்ட்ரான் பெயர்கள் ஆறு எழுத்துக்கு மிகாதவை என்பதால் பட்டியலின் பத்திகள் ஒழுங்காக அமைந்தன. இதே மரபில் வந்த ஐபிஎம் 370/155 கணினி 1973-இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் கணினி பயின்ற முதல் தலைமுறையினர் பலருக்கு அறிமுகமான பெருங்கணினி அதுவே. கோபால் மொழியிலும் தடம்காட்டும் கூற்று ஒன்று இருந்தது; அதை நிரலில் எழுதிவிட்டால், கட்டுப்பாடு எந்தெந்தப் பத்திக்குள் நுழைகிறதோ அந்தப் பத்தியின் பெயரோ எண்ணோ வரிசையாக அச்சாகும்.

இவை யாவும் நிரல் பழுதடைந்த பின்போ சோதனையின்போதோ பயன்பட்டவை. நலமாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன் போக்கை இடையறாது எழுதிவரும் வழக்கம், பல பயனர்கள் பங்கிட்டுக்கொண்ட யூனிக்ஸ் கணினிகளோடு பரவியது. அமெரிக்காவின் பெர்க்லியில், சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதிய எரிக் ஆல்மன், 1980-களில் அதன் துணைக்கருவியாகச் சிஸ்லாகை உருவாக்கினார். சிஸ்லாக் வரியில் நேரம், கணினியின் பெயர், நிரலின் பெயர், அந்த இயக்கத்தின் எண், செய்தி ஆகியவை மட்டுமே இருந்தன. நிரலுக்குள் எந்தச் செயற்கூறு பேசுகிறது என்பதற்கு அதில் இடமில்லை. லாகைப் படிப்பவர் கணினியை நிர்வகிப்பவர், நிரலை எழுதியவர் அல்லர் என்ற எண்ணத்தில் அது வடிவமைக்கப்பட்டதால் அதைக் குறையாகச் சொல்ல இயலாது.

நிரலை எழுதியவரின் தேவையைச் சி மொழி கவனித்தது. அந்தத் தீர்வு வந்த வழி விசித்திரமானது. மூலநிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள் கம்பைலர் எனப்படும். சி மொழியில் கம்பைலருக்கு முன்னால், நிரலின் உரையில் சில சொற்களை வேறு சொற்களாக மாற்றியமைக்கும் முன்செயலி ஒன்று உண்டு. மேக்ரோ என்ற சுருக்கெழுத்தை நிரலாளர் எழுதினால், முன்செயலி அதை அது நிற்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். லாக் எழுதும் கட்டளையைச் செயற்கூறாக வைக்காமல் மேக்ரோவாக வைத்தால், அது அழைப்பவரின் உடலுக்குள்ளேயே விரிவதால், அழைத்தவரைத் தேட வேண்டிய அவசியமே எழுவதில்லை. 1989-இல் உறுதியான சி மொழித் தரநிலை, கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் தரும் இரண்டு மேக்ரோக்களை வரையறுத்தது. செயற்கூற்றின் பெயர் மட்டும் அதில் இல்லை. முன்செயலி உரையை மட்டும் அறிந்தது. கோப்பு எது, வரி எத்தனையாவது என்பது அதற்குத் தெரியும். செயற்கூறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இலக்கண அறிவு கம்பைலருக்கே உரியது. எனவே பெயர் வேண்டியபோது அது மேக்ரோவாக வர முடியவில்லை. இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்ட ‘ஃபங்க்’ என்ற அடையாளப்பெயராக, ஒவ்வொரு செயற்கூற்றின் தொடக்கத்திலும் கம்பைலர் தானே அறிவித்த எழுத்துச்சரம்போல, 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் இடம்பெற்றது. ஜிசிசி போன்ற கம்பைலர்கள் அதற்கு முன்பே தம் விருப்பப்படி இந்த வசதியைத் தந்திருந்தன. நிபந்தனை பொய்த்தால் நிரலை நிறுத்தும் அசெர்ட் மேக்ரோவின் செய்தியிலும் இதே வரலாறு தெரிகிறது: 1989-இல் அது கோப்பையும் வரியையும் சொன்னது, 1999-இலிருந்து செயற்கூற்றையும் சேர்த்துச் சொல்கிறது. எத்தனை மதிப்புகள் வந்தாலும் ஏற்கும் மேக்ரோவும் 1999-இல்தான் தரநிலைக்குள் வந்ததால், அதுவரை லாக் மேக்ரோக்களை இரட்டை அடைப்புக்குறி இட்டு எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது.

1996 ஜனவரியில் முதல் பதிப்பு வெளிவந்த ஜாவா மொழி முன்செயலியை அடியோடு கைவிட்டது. மேக்ரோக்கள் நிரலைப் படிக்க முடியாதபடி செய்கின்றன என்ற அதன் வடிவமைப்பாளர்களின் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தாலும், கோப்பு, வரி, செயற்கூறு ஆகியவற்றின் பெயரைச் செலவின்றிப் பெறும் வழியும் அத்துடன் அடைபட்டது. ஆனால் ஜாவாவில் வேறொரு வளம் இருந்தது. மெத்தட்களைத் தொகுத்து வைக்கும் வகுப்புகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுவது பெயரைக் கொண்டே என்பதால், மெத்தட்களின் பெயர்கள் யாவும் கம்பைல் செய்த கோப்பிலும் அப்படியே தங்கிவிடுகின்றன. எக்ஸெப்ஷன் எனப்படும் பிழைப்பொருள் உருவாகும்போது, ஜாவா நிரலை இயக்கும் மெய்நிகர் எந்திரம் அழைப்பு அடுக்கை முழுவதும் படித்து அதற்குள் பதிந்துவைக்கிறது. அதை அச்சிடச் சொன்னால் சங்கிலி முழுவதும் பெயர்களோடு வரும். இந்த வளத்தை லாகிங்குக்குப் பயன்படுத்தியதில் முதன்மையானது லாக்ஃபோர்ஜே. ஐரோப்பிய ஒன்றியத்தின் செம்பர் என்ற மின்வணிகப் பாதுகாப்புத் திட்டத்துக்காக 1996-இல் எழுதப்பட்ட தடப்பதிவு நிரலகத்திலிருந்து வளர்ந்த அது, செகி குல்ச்சூவின் கையில் உருப்பெற்றுப் பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாயிற்று. லாக் வரியின் அமைப்பைக் குறிக்கும் வார்ப்பில் விழுக்காட்டுக் குறியும் பெரிய எம் எழுத்தும் இட்டால், அழைத்த மெத்தட்டின் பெயர் அந்த இடத்தில் வரும்.

அந்த ஓரெழுத்துக்குப் பின்னால் லாக்ஃபோர்ஜேயின் முதல் தலைமுறை செய்த வேலை தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு ஒப்பானது. அடுக்கைப் பொருளாகக் கேட்டுப் பெறும் வசதி அப்போதைய ஜாவாவில் இல்லாததால், எந்தப் பிழையும் நேராத நிலையிலேயே அது ஒரு பிழைப்பொருளை உருவாக்கி, அதன் தடத்தைத் திரையில் அச்சிடுவதற்குப் பதிலாக நினைவகத்தில் உள்ள ஓர் எழுத்துச்சரத்தில் அச்சிட்டது. பிறகு அந்தச் சரத்தில், லாக் எழுதும் லாகர் வகுப்பின் முழுப்பெயர் கடைசியாக வரும் இடத்தைத் தேடி, அதற்கு அடுத்த வரியை வெட்டியெடுத்து, அடைப்புக்குறியையும் முக்காற்புள்ளியையும் அடையாளமாகக் கொண்டு வகுப்பு, மெத்தட், கோப்பு, வரி எனப் பிரித்தது. ஐபிஎம்மின் விஷுவல்ஏஜ் என்ற நிரலாக்கச் சூழலில் தடத்தின் அச்சு வடிவம் சற்றே மாறுபட்டிருந்ததால், அந்தச் சூழலில் இயங்குகிறோமா என்று சோதித்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் வரிகளும் அந்த நிரலில் சேர்க்கப்பட்டன. அக்கால ஜிட் கம்பைலர்கள், அதாவது நிரல் ஓடும்போதே அதை எந்திர மொழிக்கு மாற்றும் கருவிகள், வரி எண்ணைத் தொலைத்துவிட்டு அந்த இடத்தில் ‘கம்பைல் செய்யப்பட்ட நிரல்’ என்ற பொருள்பட ஒரு சொற்றொடரை மட்டும் அச்சிட்டன. எதுவுமே கிடைக்காதபோது லாக்ஃபோர்ஜே ஒரு கேள்விக்குறியை எழுதி வைத்தது. நேர்மையான செயல் என்றே அதைச் சொல்ல வேண்டும். இத்தனை வேலையும் ஒவ்வொரு லாக் வரிக்கும் திரும்பத் திரும்ப நடந்ததால், வேகம் முக்கியமான இடத்தில் இந்த வார்ப்புக் குறியைத் தவிர்க்குமாறு அதன் கையேடே எச்சரித்தது.

2002 பிப்ரவரியில் வெளிவந்த ஜாவா 1.4 பதிப்பு, தடத்தின் ஒவ்வொரு சட்டகத்தையும் தனிப்பொருளாகத் தரும் வசதியை அளித்ததோடு, தனக்கென ஒரு லாகிங் நிரலகத்தையும் கொண்டுவந்தது. அந்த நிரலகம் அழைத்தவரின் பெயரைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஆனால் அவ்வாறு ஊகித்த பெயர் தோராயமானதாகவோ முற்றிலும் தவறானதாகவோ இருக்கக்கூடும் என்று அதன் அதிகாரப்பூர்வ விளக்கமே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. பைத்தான் மொழிக்கு வினய் சாஜிப் எழுதிய லாகிங் நிரலகம் 2003-இல் வந்த 2.3 பதிப்பில் சேர்ந்தது. சட்டகங்களைக் கையில் எடுத்துப் பார்க்கப் பைத்தான் தாராளமாக இடம் கொடுத்ததால், அடுக்கில் ஒவ்வொரு சட்டகமாக நடந்து, லாகிங் நிரலகத்தின் சொந்தக் கோப்பைச் சேராத முதல் சட்டகத்தை அழைத்தவராகக் கொள்வது அங்கே எளிதாயிற்று. ஆயினும் செயற்கூற்றின் பெயரை லாக் வரியில் சேர்க்கும் வசதி 2006-இல் வந்த 2.5 பதிப்பிலேயே கிடைத்தது.

‘லாகருக்கு அடுத்த சட்டகமே அழைத்தவர்’ என்ற இந்த விதி ஓர் எளிய இடத்தில் தடுக்கி விழுகிறது. பெரும்பாலான நிறுவனங்கள் லாக் நிரலகத்தை நேரடியாகப் பயன்படுத்தாமல், தமக்கேற்ற சிறு மேலுறைச் செயற்கூறு ஒன்றை எழுதி, எல்லாரும் அதன் வழியாகவே லாக் எழுத வேண்டும் என்று விதி வகுப்பது வழக்கம். அப்போது நிறுவனத்தின் அத்தனை லாக் வரிகளிலும் அழைத்தவராக மேலுறையின் பெயரே வரும். தகவல் பிழையானது என்று சொல்லவும் முடியாது, அதனால் ஒரு பயனும் இராது. லாக்ஃபோர்ஜே இதற்காக மேலுறை வகுப்பின் முழுப்பெயரைக் கேட்டுப் பெறும் தனி மெத்தட் ஒன்றை வைத்தது. கோ மொழியின் நிரலகம் எத்தனை சட்டகம் தள்ளிப் பார்க்க வேண்டும் என்று ஓர் எண்ணைக் கேட்டது. பைத்தான் அத்தகைய எண்ணை 2019-இல் வந்த 3.8 பதிப்பில்தான் ஏற்றது. இந்த எண்ணை நம்பி எழுதிய நிரலில், யாரேனும் இடையில் இன்னொரு மேலுறையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ கணக்கு ஒன்று பிசகி, எல்லாப் பெயர்களும் சத்தமில்லாமல் தவறிப்போகும்.

மேலுறையின் சிக்கல் மனிதர் உண்டாக்கியது; இதைவிட ஆழமான சிக்கலைக் கம்பைலர்கள் உண்டாக்கின. ஜாவா 1.4 வந்த அதே 2002 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் டாட்நெட் தளத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதிலும் அடுக்கின் சட்டகத்தைக் கேட்டுப் பெறும் வகுப்பு உண்டு. நிரலாளர் தம் மேசையில் சோதனைப் பதிப்பை இயக்கியபோது பெயர்கள் சரியாக வந்தன; அதே நிரலை வேகத்துக்காகச் செம்மை செய்து வாடிக்கையாளரிடம் நிறுவியபோது சில வரிகளில் லாக் எழுதச் சொன்ன மெத்தட்டுக்குப் பதிலாக அதை அழைத்த மெத்தட்டின் பெயர் வந்தது. சிறிய மெத்தட்டைத் தனியே அழைக்காமல் அதன் உடலை அழைப்பவரின் உடலுக்குள்ளேயே பெயர்த்து வைத்துவிடும் உள்பொதித்தல் என்ற உத்தியை ஜிட் கம்பைலர் கையாண்டதே இதற்குக் காரணம். அழைப்பே நடக்காதபோது சட்டகமும் இராது. அந்த மெத்தட்டை உள்பொதிக்க வேண்டாம் என்று மேலே ஒரு குறிப்பு எழுதுவதே அப்போதைய மருந்து. ஜாவாவின் ஹாட்ஸ்பாட் எந்திரமும் உள்பொதிக்கிறது. ஆனால் எந்த மெத்தட் எங்கே பொதிந்தது என்ற குறிப்பைத் தனியே வைத்துக்கொண்டு, தடம் கேட்கும்போது இல்லாத சட்டகத்தையும் சேர்த்தே சொல்கிறது. லாகிங் நோக்கில் பார்த்தால் ஜாவாவின் ஏற்பாடே மேலானது.

சட்டகம் இல்லாமல் போகும் இந்தச் சிக்கலின் வேர் இன்னும் பழையது. ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் 1975-இல் உருவாக்கிய ஸ்கீம் மொழியில், ஒரு செயற்கூறு தன் கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்தால் அந்த அழைப்புக்குப் புதிய சட்டகம் ஏறுவதில்லை. செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாத செயற்கூற்றிடம் திரும்புவதில் பயன் இல்லை என்பதால், அழைக்கப்பட்டது நேராக அழைத்தவரின் அழைத்தவரிடமே திரும்பும். அழைப்பை இவ்வாறு தாவலாகச் சுருக்குவதே முறையானது என்று ஸ்டீல் 1977-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். அவருடைய வாதத்தை ஏற்றுக்கொண்டால் ஒரு முடிவு தவிர்க்க முடியாததாகிறது: அடுக்கு இனிச் செல்ல வேண்டிய வழியின் குறிப்பு, வந்த வழியின் குறிப்பாக அது தோன்றுவது பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடுவதால்தான். அழைத்தவரை அடுக்கில் தேடிய லாக் நிரலகங்கள் யாவும் எதிர்காலத் திட்டத்தைப் படித்துக் கடந்த காலத்தை ஊகித்தவையே.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் அனுபவம் வேறொரு பக்கத்தைக் காட்டியது. அங்கே ஒரு செயற்கூறு தன்னை அழைத்த செயற்கூற்றையே பொருளாகக் கையில் பெற முடிந்தது. பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் அதைத் திரும்ப அழைக்கவும் முடியும் என்பதால், நம்பத்தகாத நிரல் துண்டுக்கு அது வேண்டாத அதிகாரத்தைக் கொடுத்தது. 2009-இல் வந்த ஐந்தாம் தரநிலையின் கண்டிப்பு முறை இதைப் பிழையாக்கியது. ஜாவாவிலும், அழைத்த வகுப்பை விரைவாகக் கண்டறிய லாக்ஃபோர்ஜே 2 போன்ற நிரலகங்கள் கையாண்ட மெத்தட் ஒன்று, மெய்நிகர் எந்திரத்தின் பாதுகாப்புச் சோதனைகளுக்கென உள்ளுக்குள் வைக்கப்பட்டது. 2013-இல் வந்த ஜாவா 7-இன் திருத்தப் பதிப்புகளில் அதன் நடத்தை மாறியபோது, வெளியார் அதை நம்பியிருந்தது தெரியவந்து சலசலப்பு எழுந்தது. அதற்கு முறையான மாற்றாக, அடுக்கை முழுவதும் படிக்காமல் வேண்டிய அளவு மட்டும் நடக்கவிடும் ஸ்டாக்வாக்கர் என்ற வகுப்பு 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் வந்தது.

இதற்கிடையே சி ஷார்ப் மொழி, சி மேக்ரோ சென்ற பழைய பாதைக்கே வேறு வாயில் வழியாகத் திரும்பியது. 2012-இல் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பில், செயற்கூற்றின் விருப்ப அளபுரு ஒன்றின்மேல் ‘அழைத்த உறுப்பின் பெயர்’ என்று பொருள்படும் பண்புக்குறியை எழுதிவைத்தால் போதும். அழைப்பவர் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால், கம்பைலரே அழைக்கும் மெத்தட்டின் பெயரை மாறாத எழுத்துச்சரமாக அங்கே எழுதிவிடும். கோப்புப் பாதைக்கும் வரி எண்ணுக்கும் இதேபோன்ற குறிகள் உண்டு. அடுக்கைத் தொடவே தொடாததால் உள்பொதித்தல் இதைப் பாதிப்பதில்லை, நேரச் செலவும் இல்லை. அதே பதிப்பில் வந்த காத்திருப்பு மெத்தட்கள் இதன் தேவையை உடனே நிலைநாட்டின: வலைப்பின்னல் போன்ற மெதுவான வேலைக்காகப் பாதியில் நின்று பிறகு தொடரும் அத்தகைய மெத்தட்டைக் கம்பைலர் ஒரு நிலைப்பொறியாக மாற்றி எழுதுவதால், அடுக்கில் தேடினால் நிரலாளர் வைத்த பெயருக்குப் பதிலாக ‘மூவ்நெக்ஸ்ட்’ என்ற பொறியின் பெயரே கிடைக்கும். புதிய வழியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. அது உறுப்பின் பெயரை மட்டும் தருகிறது, வகுப்பின் பெயரைத் தருவதில்லை. கோப்புப் பாதையைக் கேட்டால், நிரலைக் கட்டிய கணினியின் அடைவுப் பெயர்கள், சில வேளை அந்த ஊழியரின் பயனர்பெயர் உட்பட, வாடிக்கையாளரின் லாகில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இருந்தும் அன்றாட லாக் வரிக்கு இதுவே சரியான வழி என்பதைப் பிற மொழிகள் ஏற்றுக்கொண்டன. ரஸ்ட் மொழி 2020 ஆகஸ்டில் வந்த 1.46 பதிப்பிலும், சி++ அதே ஆண்டின் தரநிலையிலும் அழைத்த இடத்தைக் கம்பைலரே நிரப்பும் வசதியைச் சேர்த்துக்கொண்டன.

ஜாவா மொழியில் அப்படியொரு வசதி சேரவில்லை. ஒரு லாக் வரியை எழுதி முடிக்கும் வரை நிரலைக் காக்க வைக்காமல், செய்தியை வரிசையில் போட்டுவிட்டு, நிரலுக்குள் இணையாக ஓடும் வேறோர் இழை அதை எழுதும் ஒத்திசைவற்ற முறை லாக்ஃபோர்ஜே 2-இல் பெயர் பெற்றது. எழுதும் இழையின் அடுக்கு வேறு என்பதால், அழைத்தவரின் பெயர் வேண்டுமானால் செய்தியை வரிசையில் போடுவதற்கு முன்பே அடுக்கைப் படம்பிடித்தாக வேண்டும். அப்போது வேகம் 30 முதல் 100 மடங்கு வரை குறையக்கூடும் என்று அதன் கையேடு கூறியது. அதனால் ஒத்திசைவற்ற லாகர்களில் இந்த வசதி தானாக அணைத்தே வைக்கப்பட்டுள்ளது. கேட்பவர் அதைத் தாமே இயக்கிக்கொள்ள வேண்டும். ஜாவா கம்பைலர் தர மறுத்ததை ஈடுகட்ட, கம்பைல் செய்து முடித்த வகுப்புக் கோப்புகளைத் திறந்து, ஒவ்வொரு லாக் அழைப்பின் அருகிலும் மெத்தட்டின் பெயரையும் வரி எண்ணையும் எழுதிச் செருகும் தனிக் கருவி ஒன்றை லாக்ஃபோர்ஜே திட்டத்தினரே வெளியிட்டுள்ளனர். நிரலைக் கட்டும் கட்டத்தில் அதை ஒருமுறை இணைத்துவிட்டால், இயங்கும்போது அடுக்கைத் தோண்டும் செலவு இல்லாமல் பெயர் கிடைத்துவிடுகிறது.